அணுவுக்குள் தேவனை அடைக்காதீர்கள்



கடந்த வாரம் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பொருட்களைப் பிளந்துகொண்டே போன விஞ்ஞானிகள் இறுதியில் ஓர் எல்லையைக் கண்டுவிட்டார்கள் என்றும், அந்த எல்லைக்குப் பிளாங்க் நீளம் என்று பெயர் என்றும், அதைவிடச் சிறியதாக எதுவும் இருக்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றும், அங்கே விஞ்ஞானம் முடிந்து தேவன் தொடங்குகிறார் என்றும் அச்செய்தி அறிவித்தது. அதன்கீழே உங்களில் அநேகர் 'ஆமென்' என்று எழுதியிருந்தீர்கள். நான் எழுதவில்லை. அதைக் கவனித்த நம் மூப்பர் ஒருவர், "ஐயா, நீங்கள் மட்டும் ஏன் மௌனமாக இருந்தீர்கள்?" என்று மனவருத்தத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவருக்கும் விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தச் செய்தியில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று இயற்கையைப் பற்றியது. மற்றொன்று தேவனைப் பற்றியது. முதலாவது, அறியாமையால் வந்தது, எளிதில் திருத்தலாம். இரண்டாவது, பக்தியின் உடையை அணிந்து வந்திருப்பதால் ஆபத்தானது.

உங்களைக் கண்டிக்கும் முன் என்னைக் கண்டித்துக்கொள்கிறேன். 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்னும் துகள் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அதனைக் 'கடவுள் துகள்' என்று எழுதின. அந்த வார ஞாயிறு ஆராதனையில் நான், "உலகத்திலேயே மிகச்சிறிய பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்குக் கடவுளின் பெயரைச் சூட்டாமல் அவர்களால் இருக்க முடியவில்லை" என்று பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்தபின் கல்லூரியில் இயற்பியல் படித்துவந்த ஒரு வாலிபன் என்னிடம் வந்தான். "ஐயா, அது மிகச்சிறிய பொருள் அல்ல, அதன் நிறை புரோட்டானைப்போல் 130 மடங்குக்கும் அதிகம். அந்தப் பெயரும் ஒரு நூலின் தலைப்பிலிருந்து வந்தது. நாளைக்கு அதனினும் அடிப்படையான ஒன்றைக் கண்டுபிடித்தால், தேவன் அங்கே இடம் மாறிவிடுவாரா?" என்று கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. "விசுவாசத்தோடு கேட்கக் கற்றுக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டதில் விசுவாசக் குறைவு இல்லை. குறைவு என் பிரசங்கத்தில் இருந்தது.

ஆகவே இன்று அவனுடைய கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். பொருட்கள் எவ்வளவு சிறியவையாக இருக்கலாம் என்பதற்கு இயற்கையில் ஓர் எல்லை உண்டா?

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளுக்கு எல்லை உண்டா என்பது ஒன்று. பொருள் என்பதற்கே எல்லை உண்டா என்பது வேறொன்று. முதல் கேள்விக்குப் பல இடங்களில் தெளிவான விடை உண்டு. எட்ருஸ்கன் மூஞ்சூறு என்னும் சிற்றுயிரின் எடை சுமார் 2 கிராம். உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் கொள்ளளவுக்கு மேற்பரப்பு மிகுதியாகி, உடல் வெப்பம் விரைந்து வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட அதன் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கிறது. நாள்தோறும் தன் எடைக்கு மேற்பட்ட இரையை அது தின்கிறது. அதனினும் மிகச்சிறிய வெப்ப இரத்தப் பிராணி ஓயாமல் தின்றாலும் பிழைக்காது. உயிரணுவுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. செவ்வாயிலிருந்து வந்த விண்கல் ஒன்றில் நுண்ணுயிர்ச் சுவடு தெரிகிறது என்று 1996-இல் சிலர் அறிவித்தபோது, உயிரணு எவ்வளவு சிறுக்கலாம் என்று அமெரிக்க அறிவியலாளர் கூடி ஆராய்ந்தனர். மரபுப்பொருளும், புரதம் செய்யும் உறுப்புகளும் உள்ளே அடங்க வேண்டுமானால், ஏறக்குறைய 200 நானோமீட்டர் விட்டத்துக்குக் கீழே நாம் அறிந்தவிதமான உயிர் தனித்து வாழ இயலாது என்பது அவர்கள் முடிவு. தண்ணீருக்கோ எல்லை அதன் மூலக்கூறு. ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அந்த மூலக்கூற்றைப் பிளந்தால் கையில் தண்ணீர் இராது.

ஆனால் தண்ணீர் முடியும் இடத்தில் பொருள் முடிவதில்லை. கடினமான கேள்வி அங்கேதான் ஆரம்பமாகிறது.

எண்ணை வகுப்பதற்கு முடிவில்லை என்பதை நம் முன்னோர் நன்கறிவர். ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர். அந்த முந்திரியையும் 320 பங்காக்கிக் கீழ்முந்திரி என்றனர். அதற்கும் கீழே இம்மி, அணு என்று பெயர்கள் இறங்குகின்றன. 'இம்மியளவும் இடம் கொடேன்' என்று இன்றும் பேசுகிறோம். ஆயினும் எண்ணை வகுப்பது மனத்தின் வேலை. பொருள் அதற்கு இணங்குமா என்பதைப் பொருளிடம்தான் கேட்க வேண்டும். பிளக்கவே முடியாத துகள்கள் உண்டு என்றான் கிரேக்க ஞானி தெமோக்கிரித்து. எந்தப் பொருளையும் தொடர்ந்து பிளக்கலாம் என்றான் அரிஸ்டாட்டில். இருவரிடமும் தர்க்கம் இருந்தது. இருவரிடமும் சோதனைச்சாலை இல்லை.

சோதனைச்சாலை சொன்னது என்ன? 1808-இல் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், அணுவைப் பிளக்க முடியாதது என்று எண்ணினார். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, அணுவினும் சிறியது உண்டென்று தெரிந்தது. 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் ஒரு கருவைக் காட்டினார். 1932-இல் அந்தக் கருவுக்குள் நியூட்ரானைச் சாட்விக் கண்டார். 1960-களில், புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை என்பது முதலில் கணிப்பாகவும் பின்பு சோதனையாகவும் வெளிப்பட்டது. 'இதுவே கடைசிக் கதவு' என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் திறந்துகொண்டது. ஆனால் கவனியுங்கள்: கதவுகள் இதுவரை திறந்தன என்பதால் இனியும் திறந்துகொண்டே போகும் என்று சொல்ல முடியாது. எலக்ட்ரானுக்கும் குவார்க்குக்கும் உள்ளே வேறு உறுப்புகள் உண்டா என்று தேடியிருக்கிறார்கள். இதுவரை எதுவும் தென்படவில்லை.

ஒரு மீட்டரிலிருந்து கீழே இறங்கும் ஏணி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தினதில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாம் படியில் கடுகு இருக்கும். ஆறாம் படியில் பாக்டீரியா. பத்தாம் படியில் அணு. பதினைந்தாம் படியில் புரோட்டான். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்னின் மாபெரும் முடுக்கியைக் கொண்டு மனிதர் ஏறக்குறைய பத்தொன்பதாம் படிவரை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நம் வாட்ஸ்அப் செய்தி சொன்ன பிளாங்க் நீளம் எந்தப் படியில் இருக்கிறது? முப்பத்தைந்தாம் படியில். மீட்டரில் எழுதினால், புள்ளிக்குப் பின் 34 சுழியங்களை இட்டு அதன்பின் 16 என்று எழுத வேண்டும். பிளாங்க் நீளத்தை ஒரு சிறு கடுகளவுக்குப் பெருக்கினால், ஒரே ஒரு புரோட்டானின் விட்டம் 10 ஒளியாண்டுகளைத் தாண்டும். இரவில் மிகப் பிரகாசமாய்த் தெரியும் சிரியஸ் விண்மீனுக்கு அப்பால் போய்விடும். பத்தொன்பதாம் படிக்கும் முப்பத்தைந்தாம் படிக்கும் நடுவே பதினாறு படிகள் இருட்டில் கிடக்கின்றன. அங்கே ஒருவரும் போகவில்லை. போகாத இடத்தில் சுவர் இருப்பதைக் கண்டதாகச் சாட்சி சொல்வது எப்படி?

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? 1899-இல் மாக்ஸ் பிளாங்க், மனிதர் வகுத்த கோல்களைச் சாராத இயற்கை அளவுகளைத் தேடினார். ஈர்ப்பு, ஒளியின் வேகம், அவர் கண்ட மாறிலி ஆகிய மூன்றையும் சேர்த்தபோது ஒரு நீளம் கிடைத்தது. அது ஓர் எல்லையாக இருக்கலாம் என்ற எண்ணம் பின்னால் வந்தது. அதன் காரணம் இதுதான்: சிறியதைப் பார்க்கச் சிறிய அலைநீளம் வேண்டும், அலைநீளம் சிறுத்தால் ஆற்றல் பெருகும், பிளாங்க் நீளத்துக்குள் பார்க்கத்தக்க ஆற்றலை அந்த இடுக்கில் குவித்தால், நம் கணக்கின்படி அது கருந்துளையாகித் தன்னையே மூடிக்கொள்ளும். மேலும் ஆற்றலைச் சேர்த்தால் கருந்துளை பெரிதாகுமேயன்றி உள்ளே உள்ளது தெரியாது. எனவே அந்த அளவுக்குக் கீழே நீளத்தை அளப்பதற்கே பொருள் இல்லாமல் போகலாம் என்று இயற்பியலாளர் பலர் கருதுகின்றனர். இது வலுவான ஊகம். ஆயினும் இது அளப்பதைப் பற்றிய ஊகம். வெளியே அந்த அளவுள்ள மணிகளால் கோக்கப்பட்டது என்பது வேறு கூற்று. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒருங்கே விளக்கும் கொள்கை இன்னும் உறுதிப்படவில்லை. அது உறுதிப்படும்வரை இவ்விரண்டில் எதையும் தீர்ப்பாகச் சொல்ல இயலாது.

இதைச் சோதிக்க வழியே இல்லை என்றும் எண்ணாதீர்கள். 2009-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி, சுமார் 730 கோடி ஒளியாண்டு தொலைவில் நிகழ்ந்த ஒரு காமாக்கதிர் வெடிப்பின் ஒளியை ஃபெர்மி விண்கலம் பதிவு செய்தது. வெளி குறிப்பிட்ட ஒருவிதத்தில் மணல்போல் துகள்பட்டிருந்தால், மிகு ஆற்றலுள்ள ஒளி மற்ற ஒளியினின்று விலகி, நேரம் மாறி வந்து சேர வேண்டும் என்று சில கொள்கைகள் எதிர்பார்த்தன. அத்தனை நெடிய பயணத்துக்குப் பின்னும் மிகு ஆற்றலுள்ள அந்த ஒளித்துகள், வெடிப்பு தொடங்கிய ஒரு விநாடிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதனால் அந்தச் சில கொள்கைகள் பலவீனப்பட்டன. வெளி முடிவின்றிப் பிளக்கத்தக்கது என்று அது நிரூபித்துவிடவும் இல்லை. பொறுமையோடு தேடுகிறவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்: கண்டதைக் கண்டோம் என்றும், காணாததைக் காணவில்லை என்றும். நம் செய்தியோ, அவர்கள் பெயரால் அவர்கள் சொல்லாததைச் சொல்கிறது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளை இயற்பியலாளரைப் பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இனி இரண்டாவது தவறுக்கு வருகிறேன்.

எல்லை இருக்கிறது என்றால் தேவன் இருக்கிறார் என்று நிரூபணமாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நம் சபையின் சரித்திரத்தை நோக்குங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பியேர் கசேந்தி என்னும் குருவானவர், அணுக்கள் உண்டு என்றும், அவற்றைத் தேவனே சிருஷ்டித்தார் என்றும், அவற்றின் தொகை எண்ணுக்கு உட்பட்டது என்றும் போதித்தார். அதே பிரான்சில், அதே நூற்றாண்டில், ஆழ்ந்த பக்தரான பாஸ்கல், ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் உடலில் ஒரு துளிக்குள் இறங்கினால் அங்கேயும் முடிவற்ற உலகங்களைக் கற்பனை செய்யலாம் என்று எழுதி, இரு முடிவின்மைகளுக்கு நடுவே நிற்கும் மனிதனைத் தாழ்மைக்கு அழைத்தார். அதே நூற்றாண்டில், 1632-இல், உரோமையில் இயேசு சபையின் தணிக்கையாளர்கள், கோடு பிளக்க இயலாத நுண்கூறுகளால் ஆனது என்னும் கருத்தைத் தங்கள் பள்ளிகளில் கற்பிக்கலாகாது என்று தடைவிதித்தனர். அந்த நுண்கூற்று முறை பின்னர் நுண்கணிதத்துக்கு வழிகோலியது. ஒரே கிறிஸ்துவை அறிக்கையிட்டவர்கள், மூன்று நிலைகள். நம் விசுவாசப் பிரமாணம் இந்தக் கேள்விக்கு விடை தரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விடை தராதது குறையல்ல. மிகச்சிறிய துகள் ஒன்று இருந்தால் அதுவும் சிருஷ்டியே. அப்படி ஒன்று இல்லாமல் பிளவு முடிவின்றிப் போனால் அந்த முடிவின்மையும் சிருஷ்டியே. சிருஷ்டிகர் சிருஷ்டியின் ஓர் உறுப்பு அல்லர். மிகச்சிறிய உறுப்பும் அல்லர். மகா தேவாலயத்தைக் கட்டி முடித்த சாலொமோன், மிக உயர்ந்த வானமும் தேவனுக்கு இடம் போதாது என்று ஜெபத்தில் ஒப்புக்கொண்டான். மேலே வானம் போதாதவரை நாம் கீழே முப்பத்தைந்தாம் படியின் இடுக்கில் குடியேற்றுகிறோம்! விஞ்ஞானம் ஒரு படி இறங்கினால் நம் தேவனும் ஒரு படி இறங்க வேண்டியவராகிறார். இதைப் பக்தி என்று சொல்லலாமா?

எதிர்ப்புறத்தில் நிற்போருக்கும் இதையே சொல்வேன். 'அடிப்படைத் துகள்கள் கிடைத்துவிட்டன. இனித் தேவன் தேவையில்லை' என்போரும் அதே ஏணியில்தான் அவரைத் தேடுகிறார்கள். செங்கல்லின் அளவைக் கண்டவன் வீட்டைக் கட்டியவர் இல்லை என்று நிரூபித்தவன் ஆகான். செங்கல்லின் அளவைக் காட்டி, கட்டியவர் இருக்கிறார் என்று நாம் நிரூபிக்க முயல்வதும் அவ்வளவே வீண்.

வேதத்தை இதற்குத் துணையாக இழுப்பதும் நம்மிடையே பெருகிவருகிறது. காணப்படுகிறவை காணப்படாதவற்றிலிருந்து உண்டாயின என்ற கருத்தை எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தில் கண்டவுடன், அது அணுவைப் பற்றிய முன்னறிவிப்பு என்கிறோம். அந்த வசனம் தேவனுடைய வார்த்தையால் உலகம் உண்டானதை விசுவாசத்தினால் அறிவதைப் பற்றிப் பேசுகிறது. 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் பவுல் 'அட்டொமொஸ்' என்ற சொல்லையே கையாள்கிறார். புதிய ஏற்பாட்டில் அச்சொல் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே. பிளக்க முடியாத அணுவைப் பவுல் அறிந்திருந்தார் என்று இதைக் கொண்டு பிரசங்கிக்கலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அங்கே அவர் பேசுவது பிளக்க முடியாத ஒரு கணத்தைப் பற்றி, மரித்தோர் எழும் அந்த நொடியைப் பற்றி. நம் தமிழ் வேதாகமம் அதனை நிமிஷம் என்று சரியாகவே பெயர்த்தது. கடுகு விதையைக் குறித்த உவமையிலும் இதுவே நடக்கிறது. ஆர்கிட் செடியின் விதை தூசியைப்போல் நுண்ணியது; கடுகினும் பன்மடங்கு சிறியது. யாரேனும் இதைச் சுட்டினால் நாம் பதறி, கடுகே சிறியதென்று வாதாடுகிறோம். ஆண்டவர் கலிலேயா விவசாயிகளிடம் அவர்கள் கைகளில் எடுத்து விதைத்த விதையைப் பற்றிப் பேசினார். தேவராஜ்யம் எளிய தொடக்கத்திலிருந்து வளரும் என்பதே அவர் உபதேசம். தாவரவியலில் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் அந்த உபதேசத்தை நாம் கேட்கத் தவறுகிறோம்.

"ஐயா, தவறாகவே இருக்கட்டும்; நாலு பேர் விசுவாசத்தில் பலப்பட்டால் என்ன நஷ்டம்?" என்று மூப்பர் கேட்டார். நஷ்டம் மிகப் பெரிது. அகஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார்: வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்த ஒரு புறமதத்தார் முன்னிலையில் ஒரு கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் பிதற்றினால், அந்த மனிதர் தாம் நன்கறிந்த விஷயத்திலேயே நம்மைத் தவறு செய்யக் கண்டபின், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவார் என்று வினவினார். இது எழுதப்பட்டு 1,600 ஆண்டுகள் ஆகின்றன. இன்று அந்த மனிதர் புறம்பே இல்லை. நம் வீட்டுப் பிள்ளையாக, நம் ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளியில் சரியாகக் கற்றதை ஆலயத்தில் தவறாகக் கேட்கிறார். எதிர்த்துக் கேட்டால் அடக்கப்படுகிறார். பிறகு ஒருநாள் பின்வரிசை காலியாகிறது. பிள்ளைகள் உலகத்தின் பின்னே போய்விட்டார்கள் என்று நாம் அழுகிறோம்.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். தேவனுக்காக வாதாடுவதாகவே அவர்கள் எண்ணினார்கள். யோபு அவர்களைப் பார்த்து, தேவனுக்கு ஆதரவாக வஞ்சகம் பேசுவது தகுமோ என்று கேட்டான். அந்த நூலின் முடிவில் தேவனுடைய கோபம் மூண்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல. தேவனுக்கு வழக்கறிஞராக நின்ற அந்த நண்பர்களின்மேல்தான். பொய்யின் உதவி அவருக்கு வேண்டியதில்லை.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். இவ்வாறு சொல்லுங்கள்: "உயிரணுவுக்கும் தண்ணீருக்கும் மிகச்சிறிய அளவு உண்டு. எலக்ட்ரானுக்குள்ளும் குவார்க்குக்குள்ளும் இதுவரை எதுவும் காணப்படவில்லை. அதற்கும் கீழே எல்லை உண்டா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. நீ படித்துக் கண்டுபிடி." தெரியாது என்று ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் சொல்வதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் விசுவாசத்தை இழந்ததை நான் கண்டதில்லை. தெரிந்ததுபோல் நடித்ததைக் கண்டுபிடித்தபோது இழந்ததைக் கண்டிருக்கிறேன்.

சிறியவற்றைப் பற்றி வேதம் நமக்கு உறுதியாகச் சொல்லும் ஒன்று உண்டு. விதவை போட்ட இரண்டு சிறு காசுகளை ஆண்டவர் கவனித்தார். சந்தையில் மலிவாக விற்கப்படும் குருவி விழுவதைப் பிதா அறிகிறார் என்றார். பொருட்களின் சிறுமைக்கு எல்லை உண்டோ இல்லையோ, அவர் கவனத்துக்குத் தப்பும் சிறுமை எதுவும் இல்லை. இதை எந்த முடுக்கியும் நிரூபிக்கப் போவதில்லை, மறுக்கவும் போவதில்லை. இதை நாம் விசுவாசத்தினால் அறிக்கையிடுகிறோம். விசுவாசம் என்ற பெயரிலேயே அறிக்கையிடுவோம்; ஆய்வக முத்திரையைத் திருடி அதன்மேல் குத்த வேண்டாம்.

இந்த வாரம் அந்த வாலிபனுக்கு நான் கடிதம் எழுதினேன். அவன் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறான். ஆலயத்துக்குப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. "அன்று நீ கேட்டது சரி, நான் பிரசங்கித்தது தவறு. பதில் சொல்லாமல் உன்னை அனுப்பியது அதைவிடப் பெரிய தவறு. என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அவனுக்காக ஜெபியுங்கள், எனக்காகவும் ஜெபியுங்கள். அடுத்தமுறை அப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, 'ஆமென்' எழுதும் முன் அது உண்மையா என்று கேளுங்கள்.

சத்தியத்தின் தேவன் தாமே நம் நாவுகளைக் காத்து, நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குச் செவிகொடுக்கும் தாழ்மையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.